பேரணாம்பட்டில் எத்தனை அடி இருக்கிறது?

காலை ஒன்பதரை மணிக் கூட்டத்தில் என்னைப் பார்த்துத் தினமும் கேட்கப்படும் கேள்வி இது. ஆம்பூரில் ஏற்றுமதிக்குக் காலணி தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில், உற்பத்தித் திட்டமிடல் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். வீடு குடியாத்தத்தில். எங்கள் தோலை வெட்டி, காலணியின் மேல்பாகமான அப்பரைத் தைத்துத் தருகிற ஜாப் ஒர்க்காரர் பேரணாம்பட்டில். மூன்று ஊர்களையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு சின்ன முக்கோணம் வரும். என் உத்தியோகம் அந்த முக்கோணத்துக்குள்தான் ஓடுகிறது. 2019இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ஆம்பூர் திருப்பத்தூர் பக்கம் போய்விட்டது. மற்ற இரண்டும் வேலூரிலேயே தங்கிவிட்டன. என் அப்பாவுக்கு இன்றும் எல்லாமே வட ஆற்காடுதான்.

அடி என்றால் சதுர அடி. தோல் தொழிலில் இருப்பவர்கள் யாரும் சதுரம் என்ற சொல்லுக்காக வாயை வீணாக்க மாட்டார்கள். பேரணாம்பட்டில் எத்தனை அடி இருக்கிறது என்று பொது மேலாளர் கேட்டால், கணினியைப் பார்த்து உடனே ஓர் எண்ணைச் சொல்லிவிடுவேன். மூன்று தசம இடம் வரை துல்லியமாகச் சொல்ல முடியும். அந்த எண் தவறு என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனாலும் குறித்துக்கொள்வார். பல ஆண்டுகள் எங்கள் கூட்டம் இப்படித்தான் நடந்தது.

எப்படித் தவறுகிறது என்று கொஞ்சம் விளக்க வேண்டும். நிறுவனங்கள் இருப்பும் கணக்கும் பார்க்கப் பயன்படுத்தும் எஸ்.ஏ.பி. மென்பொருளில் வேலை செய்தவர்களிடம் 541 என்று சொன்னால் தலையாட்டுவார்கள். ஜாப் ஒர்க்காரருக்குப் பொருள் அனுப்பும்போது போடுகிற பதிவு அது. அனுப்பிய தோல் நம் கிடங்கிலிருந்து நீங்கி, அவர் பெயருக்கு நேரே தனி இருப்பாக நிற்கும். இடம்தான் மாறுகிறது, உடைமை மாறுவதில்லை. கணக்குப் புத்தகத்தில் அதன் மதிப்பும் அசையாது. தைத்த அப்பர் திரும்பி வந்து 101 என்று வரவு வைத்ததும், கூடவே 543 ஓடி, இத்தனை ஜோடிக்கு இத்தனை அடி செலவாகியிருக்கும் என்று அவர் இருப்பிலிருந்து கழித்துவிடும். எங்களுடையது வேறு மென்பொருள். ஆனால் பிழைப்பு அதே பிழைப்புதான்.

செலவாகியிருக்கும் என்பதைக் கவனியுங்கள். செலவானது எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. ஒரு ஜோடி டெர்பி ஷூவுக்கு 2.2 அடி என்று நாங்கள் ஒரு பட்டியலில் எழுதி வைத்திருக்கிறோம். மென்பொருள் அதைப் பெருக்கிக் கழிக்கிறது. மாடு அந்தப் பட்டியலைப் படித்துவிட்டுப் பிறப்பதில்லை. ஒரு லாட்டில், அதாவது ஒரே தடவையில் பதனிட்டு வருகிற தொகுப்பில், தோல் சுத்தமாக வரும். வெட்டுகிறவர் கையும் நன்றாக இருந்தால் 2.1 அடியில் முடிந்துவிடும். அடுத்த லாட்டில் உண்ணி கடித்த தழும்பும் முள்வேலிக் கீறலுமாக இருக்கும், 2.35 ஆகும். போதாக்குறைக்கு, தோல் ஈரத்துக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். கார்த்திகையில் அளந்த தோலைச் சித்திரையில் அளந்தால் அதே எண் வராது. தோல் பதனிடும் டேனரிக்காரர் பின்பக்கத்தில் போட்டுக் கொடுத்த அளவு முத்திரைக்கும் எங்கள் அளவுக்கும் நடக்கிற சண்டை தனிக்கதை.

ஆகவே 4,800 ஜோடிக்கு 10,560 அடி அனுப்புகிறோம். எல்லா ஜோடியும் வந்து சேர்ந்ததும் கணினி பூஜ்யம் காட்டுகிறது. நல்ல லாட்டாக இருந்தால் பேரணாம்பட்டு அலமாரியில் 480 அடி உட்கார்ந்திருக்கும். கெட்ட லாட்டாக இருந்தால் அதற்குள் நான்கு முறை போன் வந்திருக்கும்.

இரண்டாவது வகைச் செய்தி தானாக வந்து சேரும். முதல் வகைச் செய்தி வராது. ஏன் வராது என்பதை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கற்றுக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டுத் தறியடியில் கற்றேன்.

அப்பா லுங்கி நெய்தவர். குடியாத்தத்தில் அது அதிசயமில்லை. சொந்தமாக நூல் வாங்கிய நாட்கள் குறைவு. பெரும்பாலும் முதலாளி வீட்டிலிருந்து பாவும் ஊடை நூலும் எடையிட்டு வரும், நெய்த துணி எடையிட்டுப் போகும். நடுவில் சேதம் என்று ஒரு கணக்கு உண்டு. கூளம், அறுந்த இழை, ஓரத்தில் வெட்டிய துண்டு எல்லாவற்றுக்குமாக இவ்வளவு என்று முதலாளி விட்டுக்கொடுப்பார். அப்பா கை சுத்தம். சேதம் குறைவாக விழும். மிஞ்சிய நூலைத் தார்க்குச்சிகளில் சுற்றி, அம்மாவின் புடவைப் பெட்டிக்குப் பின்னால் ஒரு தகர டின்னில் வைத்திருப்பார். திருட்டு நூல் என்று யாராவது சொல்லியிருந்தால் தறியை விட்டு எழுந்து வந்திருப்பார். அடுத்த பாவில் நூல் மோசமாக வந்து அடிக்கடி அறுந்தால், முதலாளியிடம் போய்க் கைகட்டி நிற்காமல் அந்த டின்னைத் திறப்பார். ஒருநாள் கணக்குப்பிள்ளை வீட்டுக்கே வந்து, வைத்திருக்கிற நூலையெல்லாம் எடுங்கள், எடை போட வேண்டும் என்றார். அப்பா தறியில் இருந்ததை எடுத்துக் காட்டினார். டின்னைக் காட்டவில்லை. நான் அப்போது ஆறாம் வகுப்பு. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

இப்போது நான்தான் அந்தக் கணக்குப்பிள்ளை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் நிறுவனத்தில் ஜாப் ஒர்க்காரர்களுக்கென்று ஓர் இணையதள வாயிலைத் திறந்தார்கள். அவரவர் கடவுச்சொல் போட்டு நுழைந்து, கையிருப்பை அவரவரே பதிய வேண்டும். பதினான்கு கட்டங்கள். பொருள் எண், லாட் எண், சலான் எண், சலான் தேதி, வெட்டியது, வெட்டாதது, தைப்பில் இருப்பது, நிராகரித்தது, இன்னும் என்னென்னவோ. அறிமுக நாளன்று பிரியாணி போட்டார்கள், கத்தரிக்காய்த் தொக்குடன். பிரியாணிக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். அந்த மாதம் வாயிலுக்குள் வந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் எல்லாக் கட்டத்திலும் ஒன்று ஒன்று என்று நிரப்பியிருந்தார். கணினிப் பிரிவு தம்பி அதை ஏற்றுக்கொண்டு பச்சை விளக்கும் காட்டினான்.

பேரணாம்பட்டு பாய் வரவும் இல்லை, நிரப்பவும் இல்லை. அறுபது மிஷின் போட்டிருக்கிறார். எங்களுக்கு மட்டுமல்ல, இன்னும் இரண்டு கம்பெனிக்கும் தைக்கிறார். அவர் இடத்துக்கு நேரில் போனேன். தகரக் கூரை, மே மாதம், வேலூர் வெயில். தோலின் ஓரத்தைச் சீவும் ஸ்கைவிங் மிஷினுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு டீ வரவழைத்தார்.

“உங்கள் கம்ப்யூட்டரில் எழுதுவதற்கு எனக்கு ஆள் கிடையாதம்மா” என்றார்.

“ஆள் வேண்டாம் பாய். ஐந்து விஷயம் போதும். சனிக்கிழமை சனிக்கிழமை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். நான் ஏற்றிக்கொள்கிறேன்.”

தோல் எவ்வளவு, எந்த லாட், வெட்டியது எத்தனை ஜோடி, தைத்து முடிந்தது எத்தனை, ஒதுக்கியது எத்தனை. இவ்வளவுதான் கேட்டேன். பி.காம் படித்துக்கொண்டிருந்த அவர் மகள் எழுதி அனுப்பத் தொடங்கினாள். எங்கள் அலமாரியைப் படம் எடுத்தும் அனுப்புவாள். படத்தின் இடப்பக்கம் எப்போதும் ஒரு விரல் மறைத்திருக்கும். பக்கத்து அலமாரியில் இருப்பது வேறு கம்பெனியின் மாடல். அவர்கள் சரக்கு என் கண்ணில் படக்கூடாது. அந்த விரலைப் பார்த்த பிறகுதான் இவர்களை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் சரக்கும் அங்கே ஒரு விரலுக்குப் பின்னால்தானே இருக்கும்.

மூன்றாவது சனிக்கிழமை வந்த செய்தி: அடர் பழுப்பு, 480 அடி மீதி.

கணினியில் அன்று அந்த வரி பூஜ்யம். பதினோரு ஆண்டுகளில் முதல்முறையாக ஒரு ஜாப் ஒர்க்காரர் தன் டின்னைத் திறந்து காட்டியிருக்கிறார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. 480 அடியை இருப்பில் ஏற்றினேன். கூட்டத்தில் சொன்னேன். பொது மேலாளர் மேசையைத் தட்டினார்.

அடுத்து நடந்ததற்கு முழுப் பொறுப்பு நான். ஞாயிறு இரவு எங்கள் மென்பொருள் எம்.ஆர்.பி. ஓட்டும். பிஸ்கட் பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருக்கும் எம்.ஆர்.பி. அல்ல இது; பொருள்தேவைத் திட்டமிடல். ஆர்டருக்கு என்ன வேண்டும், கையில் என்ன இருக்கிறது, வரவேண்டியது என்ன என்று கூட்டிக் கழித்து, மிச்சத்தை மட்டும் அனுப்பச் சொல்லும். அதே அடர் பழுப்பில் 1,500 ஜோடி ஆர்டர் வந்திருந்தது. 3,300 அடி வேண்டும். ஜாப் ஒர்க்காரரிடம் 480 இருக்கிறதே என்று அது பார்த்தது. 2,820 அடி அனுப்பினால் போதும் என்றது. நாங்களும் அனுப்பினோம்.

வந்த லாட் மோசம். ஜோடிக்கு 2.35 அடி இழுத்தது. முன்பெல்லாம் இப்படி ஆனால் பாய் வாயைத் திறக்க மாட்டார். 3,300 முழுதாக வந்திருக்கும், அதற்கு மேல் தன் மீதியைப் போட்டுச் சமாளித்திருப்பார். இந்த முறை மீதியும் கணக்குக்குள் போய்விட்டதே. 1,404 ஜோடியோடு தோல் தீர்ந்தது. 96 ஜோடி குறை. அதே நிறத்தில் அவசரத்துக்குத் தோல் கிடைக்கவில்லை. கன்டெய்னர் கிளம்பிவிட்டது. 96 ஜோடி பத்து நாள் கழித்து விமானத்தில் போனது. அந்தச் செலவில் பாய் வைத்திருப்பது போன்ற தையல் மிஷின் ஒன்று வாங்கியிருக்கலாம். எங்கள் கணக்குப் பிரிவு, விமானக் கட்டணத்தில் பாதியைப் பாயின் பில்லில் பிடிக்கலாமா என்று எனக்கு ஒரு மின்னஞ்சலும் அனுப்பியது.

அடுத்த சனிக்கிழமை வாட்ஸ்அப்பில் வந்தது: அடர் பழுப்பு 0. கறுப்பு 0. டான் 0. அதற்கடுத்த வாரமும் அப்படியே. ஐந்து வாரம். படமும் நின்றுவிட்டது.

நான் மறுபடி பேரணாம்பட்டு போனேன். டீ வந்தது. நாற்காலி வந்தது. முகம் வரவில்லை.

“நான் பொய் சொன்னால் உங்களுக்குச் சரக்கு சரியாக வருகிறது. உண்மை சொன்னால் உங்களுக்கும் நஷ்டம், எனக்கும் நஷ்டம். நான் எதைச் சொல்லட்டும், நீங்களே சொல்லுங்கள்” என்றார் பாய். கோபமாகச் சொல்லவில்லை. ஜிப் விலை எவ்வளவு என்று கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டார்.

பஸ்ஸில் குடியாத்தம் திரும்பும்போது அந்த டின்தான் நினைவில் ஓடியது. கணக்குப்பிள்ளை அன்று டின்னைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பார்? அடுத்த பாவில் அந்த எடையைக் குறைத்து நூல் கொடுத்திருப்பார். அநியாயம் என்று அவருக்குத் தோன்றியே இருக்காது. கணக்கு அப்படித்தானே. நான் செய்ததும் அதேதான். எனக்கு மென்பொருள் துணைக்கு இருந்தது, அவருக்குத் தராசு.

இருப்புத் தகவலைப் பகிர்வது பற்றி வருகிற விளக்கப்படங்களைப் பார்த்திருப்பீர்கள். மேகம் ஒன்று, அதைச் சுற்றித் தொழிற்சாலைகள், எல்லாவற்றையும் இணைத்து அம்புகள். அந்த அம்புகளில் பாதிக்கு மேல் கீழிருந்து மேலே போகும். சிறியவர் காட்டுவார், பெரியவர் பார்ப்பார். பார்த்தவர் என்ன செய்வார் என்று எந்தப் படத்திலும் இல்லை. பாயின் 480 அடி எங்கள் பார்வையில் வீண் இருப்பு. அவருக்கு அது, எங்கள் பட்டியல் தப்பாகும் நாளில் எங்களிடம் கைநீட்டாமல் இருக்க உதவுகிற கௌரவம். அதைத் திரையில் காட்டு என்று கேட்பதும் அதை விட்டுக்கொடு என்று கேட்பதும் நடைமுறையில் ஒன்றாகிவிடுகிறது. ஒன்றாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது திட்டமிடுகிறவர்தான். நான் பார்த்துக்கொள்ளவில்லை.

பொது மேலாளரிடம் மூன்று விஷயம் கேட்டேன். ஒன்று உடனே கிடைத்தது, ஒன்று சண்டைக்குப் பின் கிடைத்தது, ஒன்று இன்னும் கிடைக்கவில்லை.

உடனே கிடைத்தது காப்பு இருப்பு. ஜாப் ஒர்க்காரரிடம் ஒவ்வொரு ஓடும் நிறத்திலும் மூன்று சதவீதம் வரை நிற்கும் தோலை எம்.ஆர்.பி. தொடக்கூடாது. கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. மென்பொருளில் இது ஒரே ஒரு கட்டம். பாதுகாப்பு இருப்பு என்ற இடத்தில் ஓர் எண்ணைப் போட்டால், அதைத் தேவைபோல எண்ணி ஒதுக்கி வைத்துவிடும். முதல் நாளே போட்டிருக்கலாம். எங்கள் சொந்தக் கிடங்கில் எல்லாப் பொருளுக்கும் போட்டு வைத்திருக்கிறோம். பாய்க்குப் போடத் தோன்றவில்லை என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

சண்டைக்குப் பின் கிடைத்தது எங்கள் பக்கத்துத் திட்டம். அவர் இருப்பை எங்களுக்குக் காட்டினால் எங்கள் ஆறு வாரத் திட்டத்தை அவருக்குக் காட்ட வேண்டும் என்றேன். முதல் இரண்டு வாரம் உறுதி. அடுத்த நான்கு வாரம் மாறலாம் என்று சொல்லியே கொடுப்பது. விற்பனைப் பிரிவு குதித்தது. எந்த வாங்குபவர் என்ன மாடல் எடுக்கிறார் என்று பக்கத்துக் கம்பெனிக்குத் தெரிந்துவிடும் என்றார்கள். மாடல் பெயர் வேண்டாம், வாங்குபவர் பெயர் வேண்டாம். வாரம், நிறம், ஜோடி எண்ணிக்கை மட்டும் என்று முடிந்தது. எங்கள் பிரிவின் விரலையும் படத்தின் ஓரத்தில் வைத்துக்கொண்டோம்.

மூன்றாவது, காப்பு இருப்பு இருந்தும் தோல் குறைந்தால் அந்தச் செலவை ஜாப் ஒர்க்காரர் தலையில் ஏற்றுவதில்லை என்று எழுத்தில் ஒரு வரி. கணக்குப் பிரிவு அதை இன்னும் பரிசீலித்துக்கொண்டே இருக்கிறது.

படம் திரும்ப வர ஆரம்பித்தது. அதில்தான் எங்கள் வண்டவாளம் வெளியே வந்தது.

ஜூன் மாதப் படம் ஒன்றில், அடித்தட்டில் நீல நிறச் சுருள்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். நேவி ப்ளூ. அந்த நிறத்தில் எங்களுக்கு ஆர்டரே இல்லையே என்று மகளிடம் கேட்டேன். “போன ஆகஸ்டில் நீங்கள் அனுப்பியது அக்கா. 1,140 அடி. நிறுத்தி வையுங்கள் என்றீர்கள். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை” என்று பதில். ரத்தான ஆர்டர். விற்பனைப் பிரிவு ஆர்டரை ரத்து செய்தது; நான் திட்டத்தை ரத்து செய்தேன்; தோலை மட்டும் யாரும் ரத்து செய்யவில்லை. பத்து மாதமாக, வாடகை கொடுக்கும் இடத்தில், ஒரு வெட்டு மேசை போடும் அளவுக்கு இடத்தை அடைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. அவரும் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த ஆர்டர் வருமோ வராதோ.

இதில் ஜி.எஸ்.டி. வேறு இருக்கிறது. சட்டத்தின் 143ஆம் பிரிவுப்படி, ஜாப் ஒர்க்குக்கு வரி கட்டாமல் அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பி வர வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்பனைக்குப் போயிருக்க வேண்டும். தவறினால், அனுப்பிய அன்றைக்கே ஜாப் ஒர்க்காரருக்கு விற்றுவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். வரியோடு வட்டியும் சேரும். இயந்திரம் போன்றவற்றுக்கு மூன்று ஆண்டு. வெட்டு டை, அச்சு போன்றவற்றுக்கு அந்தக் கெடு இல்லை. போனது வந்தது எல்லாவற்றையும் ஐ.டி.சி-04 படிவத்தில் காட்ட வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மற்றவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை. ஆக, சலான் வாரியாக எங்கள் பொருள் யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று அரசுக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தோம். அந்த நேவி ப்ளூ அதிலும் இருந்தது. கணக்குப் பிரிவின் கோப்பில் இருந்த அந்த வரி, எட்டு அடி தள்ளி உட்கார்ந்திருக்கும் என் திரைக்கு வரவில்லை. பேரணாம்பட்டிலிருந்து தகவல் வரவில்லை என்று நான் புலம்பிக்கொண்டிருந்த காலம் அது.

கெடு முடிய ஏழு வாரம் இருந்தது. வண்டி அனுப்பி எடுத்து வந்தோம். டேனரியில் கொடுத்துக் கறுப்பாக்கிக்கொண்டோம். கறுப்புச் சாயம் எல்லாப் பாவத்தையும் மறைக்கும் என்பார்கள் தோல்காரர்கள்.

பெரிய இடங்களில் இதெல்லாம் நடக்காது என்று நினைக்க வேண்டாம். 2001இல், கணினி வலையமைப்புக் கருவிகள் விற்கும் சிஸ்கோ நிறுவனம் 200 கோடி டாலருக்கும் மேல் மதிப்புள்ள சரக்கை நட்டக்கணக்கில் எழுதியது. அவர்களுக்கும் தயாரித்துக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் வெளி ஒப்பந்தக்காரர்கள்தான். சரக்குத் தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரே தேவைக்கு இரண்டு மூன்று இடத்தில் ஆர்டர்கள் குவிந்து, தேவை ஊதிப் பெருத்துத் தெரிந்தது. சந்தை கவிழ்ந்தபோது பாகங்கள் மலையாக நின்றன. எங்கள் 1,140 அடியைப் பொது மேலாளரிடம் ஒப்புக்கொண்ட அன்று இந்தக் கதையையும் சேர்த்துச் சொன்னேன். அவருக்கு அது ஆறுதலாக இல்லை.

லாட் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து விஷயத்தில் அதை ஏன் சேர்த்தேன் என்று புதிதாக வரும் பையன்கள் கேட்பார்கள். அடர் பழுப்பு என்பது கணினிக்கு ஒரே நிறம். கண்ணுக்கு அப்படி இல்லை. மார்ச் லாட் சற்றுச் சிவப்படிக்கும், மே லாட் சாக்லேட் பக்கம் சாயும். இடது கால் மார்ச், வலது கால் மே என்று தைத்தால் ஜோடி ஆகாது. 300 அடியும் 200 அடியும் சேர்ந்து 500 என்பது அரிசிக்குச் சரி.

இன்னும் ஒரு தட்டு கீழே போகிறேன். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த நாள் அங்கேதான் கிடைத்தது.

மொகாசின் வகைக் காலணியில் முன்பக்க மடிப்பைக் கையால்தான் தைக்க வேண்டும். ஆம்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைத் தைக்கிறார்கள். பாயிடமிருந்து ஓர் அக்கா மொத்தமாக எடுத்துப்போய், வீடு வீடாகப் பிரித்துக் கொடுத்து, வாங்கித் தருவார். எங்கள் கணினிக்கு அக்காவைத் தெரியாது, திண்ணையைத் தெரியாது. எல்லாம் பாயிடம் தைப்பில் இருப்பது என்று ஒரே வரி. அந்த வரியில் 600 ஜோடி இரண்டு வாரமாக அசையாமல் நின்றது. பாயிடம் கேட்டால் அக்காவிடம் கேளுங்கள் என்றார். அக்கா போனில், தைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை அக்காவோடு நடந்தேன். அவர் கையில் நாற்பது பக்க நோட்டு. வீட்டுக்கு ஒரு பக்கம். கொடுத்த தேதி, ஜோடி, நூல் கண்டு, ஊசி, வாங்கிய தேதி. பள்ளிக்கூடக் கையெழுத்து. அழித்தல் திருத்தல் இல்லை. என் பதினான்கு கட்ட வாயிலைவிட நேர்த்தியான ஆவணம். ஒவ்வொரு வரிக்கும் எதிரே அந்த வீட்டுப் பெண்ணின் கையெழுத்தோ ரேகையோ இருந்தது. முப்பத்தொரு வீடு. எண்ணிப் பார்த்தால் 212 ஜோடி ஏற்கெனவே தைத்து முடித்து, துணிப்பையில் கட்டி, கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்தது. தைக்க ஆளில்லை, நூலில்லை என்றெல்லாம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். குறை அங்கில்லை. அக்காவின் ஷேர் ஆட்டோ அந்தப் பக்கம் செவ்வாயும் வெள்ளியும்தான் வருமாம். அந்த இரண்டு வாரத்தில் ஆட்டோக்காரர் வீட்டில் ஒரு கல்யாணம்.

வாரத்தில் இன்னொரு நாள் எங்கள் வேனை அனுப்பினோம். அவ்வளவுதான் தீர்வு. நோட்டை மாற்றுங்கள், செல்போனில் பதியுங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாரம் ஒருமுறை அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினால் போதும் என்றேன். “முகமெல்லாம் விழாதுதானே?” என்று கேட்டார் அக்கா. விழாது என்றேன். அந்தத் திண்ணைக் கூலியைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. அதை இந்தப் பதிவில் ஓரமாக வைத்து எழுதினால் பாவம்.

மென்பொருளுக்குத் தெரியாத இன்னொன்று நாட்காட்டி. அதில் தீபாவளி உண்டு, பொங்கல் உண்டு. வைகாசி முதல் நாள் நடக்கும் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அதில் கிடையாது. அன்று எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒருவரும் மிஷினில் உட்கார மாட்டார்கள். நானே விடுப்பில்தான் இருப்பேன். ரம்ஜான் மாதத்தில் பாயிடம் மாலை வேலை நோன்பு திறக்கும் நேரத்தோடு முடிந்துவிடும். ஆறு வாரத் திட்டத்தை முதன்முதலில் அனுப்பியபோது பாய் மகள் பேனாவால் நான்கு நாட்களைச் சுழித்துத் திருப்பி அனுப்பினாள். இருப்பு எவ்வளவு என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் இந்தச் சுழிகள் எனக்கு வந்ததே இல்லை. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோதுகூட எந்தச் சரக்கு அக்கரையில், எது இக்கரையில் என்று நாங்கள் போனில் கத்தித்தான் தெரிந்துகொண்டோம்.

அப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். 480 அடி வரையில் கேட்டவர், “அவர் ஏனம்மா காட்டினார்?” என்றார். அவருக்கு அங்கேயே கதை முடிந்துவிட்டது. டின்னில் எவ்வளவு நூல் இருந்தது என்று முப்பது ஆண்டுக்குப் பிறகு கேட்டுப் பார்த்தேன். இன்னமும் சொல்லவில்லை.

நேற்று சனிக்கிழமை. நாலு மணிக்குப் பாயிடமிருந்து படம் வந்தது. அடர் பழுப்பு 310 அடி, மே லாட். கறுப்பு 655. ஒதுக்கியது 11 ஜோடி. இடது ஓரத்தில் வழக்கமான விரல். கீழே ஒரு கேள்வி இருந்தது. மகளின் தட்டச்சில் பாயின் குரல்: நீங்கள் கொடுத்த திட்டத்தில் நாலாவது வாரம் காலியாக இருக்கிறது, இன்னொரு கம்பெனி கேட்கிறார்கள், அவர்களுக்குக் கொடுத்துவிடட்டுமா? இன்று மாலைக்குள் சொல்ல வேண்டும்.

விற்பனைப் பிரிவுக்குப் போன் செய்தேன். ஓர் ஆர்டர் வரும்போல இருக்கிறது, நிச்சயமில்லை, திங்கள் சொல்கிறோம் என்றார்கள். வாரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல் என்றார்கள். பிடித்து வைத்தால் கூலி உண்டா என்றேன். அதெப்படி என்றார்கள்.

கொடுத்துவிடுங்கள் பாய் என்று அனுப்பிவிட்டேன். நாளைக் காலை ஒன்பதரைக்குக் கூட்டம்.